பிள்ளைகளின் கண் பரிசோதனை: எப்போது, ஏன், எங்கே?



நம் வீடுகளில் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால் "உங்கள் பிள்ளைக்குக் கண் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கண்ணில் ஒரு குறையும் இல்லையே, எதற்குப் பரிசோதனை?" என்பதுதான். குறை எதுவும் வெளியே தெரியாதபோதும் சிறு பிள்ளைகளின் கண்ணை ஏன் பார்க்க வேண்டும், எந்த வயதில் பார்க்க வேண்டும், நம் ரெட்டியார்பாளையத்திலிருந்து எங்கே போகலாம் என்பதை இந்த இதழில் சொல்கிறோம்.

பிள்ளை ஏன் சொல்வதில்லை?

பெரியவர்களுக்குப் பார்வை மங்கினால் உடனே தெரிந்துவிடும். நேற்று வரை படித்த செய்தித்தாளை இன்று படிக்க முடியவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு நேற்று இருக்கிறது. பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. உலகமே இப்படித்தான் இருக்கும், எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும். கேட்டாலும் "நல்லா தெரியுது" என்றுதான் சொல்லும்.

ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நல்ல கண் முழு வேலையையும் செய்துவிடும். பிள்ளை ஓடும், விளையாடும், எழுத்துக் கூட்டிப் படிக்கும். பெற்றவர்களுக்கோ ஆசிரியருக்கோ சந்தேகமே வராது.

எங்களிடம் உதவி கேட்டு வந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இதுதான். அவர்களுடைய மகளுக்கு அப்போது 9 வயது. வகுப்பில் நன்றாகப் படிக்கும் பெண். கண்ணாமூச்சி விளையாடும்போது ஒரு கண்ணை மட்டும் பொத்திக்கொண்டவள், "அத்தா, இந்தக் கண்ணுல உங்க முகமே தெரியல" என்று சொல்லியிருக்கிறாள். பரிசோதித்தபோது, ஒரு கண்ணில் சிறு வயதிலிருந்தே அதிகப் பவர் இருந்ததும், அந்தக் கண் பழக்கமில்லாமல் பின்தங்கிவிட்டதும் தெரிந்தது. கண்ணாடி கொடுத்து, சிகிச்சையும் தொடங்கினார்கள். ஓரளவு முன்னேற்றமும் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நாலு வயதில் வந்திருந்தால் இதைவிட நன்றாகத் திரும்பியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதை அந்தத் தாயால் மறக்க முடியவில்லை. கவனக்குறைவான பெற்றோர் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி எந்த அடையாளமும் இருக்கவில்லை.

சோம்பேறிக் கண் என்றால் என்ன?

மருத்துவர்கள் இதை ஆம்பிளியோபியா என்பார்கள். வழக்கில் சோம்பேறிக் கண் என்று பெயர். பார்ப்பது கண்ணால் மட்டும் நடக்கும் வேலை அன்று. கண் உருவத்தைப் பிடித்து அனுப்புகிறது. அதைப் புரிந்துகொள்வது மூளை. பிறந்த குழந்தையின் மூளைக்கு இந்த வேலை முழுதாகத் தெரியாது. முதல் ஏழெட்டு ஆண்டுகளில்தான் கற்றுக்கொள்கிறது. அந்த ஆண்டுகளில் ஒரு கண்ணிலிருந்து மட்டும் மங்கலான உருவம் வந்துகொண்டிருந்தால், மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்ற கண்ணையே நம்பத் தொடங்கும். பிறகு எத்தனை நல்ல கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணின் பார்வை முழுதாகத் திரும்பாது. கண்ணில் நோய் இல்லை; மூளைக்குப் பழக்கம் இல்லை.

ஹியூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பிறந்த முதல் சில மாதங்களில் குட்டியின் ஒரு கண்ணை மூடி வைத்துப் பிறகு திறந்தபோது, கண் நன்றாக இருந்தும் அதனால் பார்க்க முடியவில்லை. வளர்ந்த பூனைக்கு அதே போல மூடித் திறந்தபோது பாதிப்பு வரவில்லை. பார்வை வளர ஒரு பருவம் உண்டு என்பதைக் காட்டிய இந்தப் பணிக்கு 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சோம்பேறிக் கண் வரக் காரணங்கள் மூன்று. ஒன்று, இரு கண்களுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருப்பது, அல்லது இரண்டு கண்ணிலும் பவர் மிக அதிகமாக இருப்பது. இரண்டாவது, மாறுகண். மூன்றாவது, கண்புரை அல்லது இமை இறங்கியிருப்பது போன்ற ஏதாவது ஒளியை மறைப்பது. மூன்றையும் காலத்தோடு கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு.

ஸ்வீடன் நாட்டில் 4 வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் பார்வைச் சோதனை செய்யும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. கடுமையான சோம்பேறிக் கண் அங்கே 100-க்கு 2 பேரிடம் இருந்தது. சோதனையும் சிகிச்சையும் வந்த பிறகு அது 1000-க்கு 2 பேராகக் குறைந்துவிட்டது என்று 2001-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு முன்பே பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் பலருக்குப் பிரான்ஸில் உறவினர்கள் இருக்கிறார்கள். அங்கே பிள்ளை பெற்ற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். 'கார்னே த சாந்தே' என்ற உடல்நலக் குறிப்பேட்டை ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுப்பார்கள். வயதுக்கு வயது செய்ய வேண்டிய சோதனைகளில் கண்ணும் அதில் எழுதப்பட்டிருக்கும். இங்கே அந்தக் குறிப்பேட்டின் வேலையை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

எந்த வயதில் பார்க்க வேண்டும்?

*பிறந்தவுடன்:* மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன் குழந்தை டாக்டர் ஒரு சிறு விளக்கால் இரு கண்களையும் பார்ப்பார். கண்மணிக்குள் சிவப்பு ஒளி சமமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கண்புரை போன்றவை இருக்கலாம். பிறவிக் கண்புரைக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் அறுவை செய்தால்தான் பார்வை நன்றாக வளரும். "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஆபரேஷனா, ஒரு வயசு ஆகட்டும்" என்று தள்ளிப் போடுவதால் இழப்பு குழந்தைக்குத்தான்.

*குறைமாதக் குழந்தைகள்:* 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், 2 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்தவர்கள், பிறந்து 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும், 1200 கிராமுக்குக் குறைவானவர்களுக்கும் இன்னும் முன்னதாக, இரண்டு மூன்று வாரங்களிலேயே பார்க்க வேண்டும். முழுமையாக வளராத விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறித்துவிடும் நோய் இது. உரிய நாளில் பிடித்தால் லேசர் போன்ற சிகிச்சையால் காப்பாற்ற முடியும். வெளியே கண் அழகாகவே இருக்கும். எனவே குழந்தையை இங்குபேட்டரில் வைத்திருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும்போது "கண் சோதனை ஆகிவிட்டதா? அடுத்த தேதி எது?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

*6 மாதம் முதல் 1 வயது வரை:* ஆறு வாரம் முதல் எட்டு வாரத்துக்குள் குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் இரு கண்களும் ஒன்றாக நகர வேண்டும். தடுப்பூசிக்குப் போகும்போதே டாக்டரிடம் கண்ணையும் பார்க்கச் சொல்லலாம். குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே பார்வைக் குறை இருந்தால், அல்லது பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தவர்களாக இருந்தால், இந்த வயதிலேயே கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. மரபுவழி வரும் சில கண் நோய்கள் சொந்தத்தில் மணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. முன்கூட்டிப் பார்ப்பதற்காக எழுதுகிறோம்.

*3 வயது:* இதுதான் நாங்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்வது. எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், எல்.கே.ஜி. சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையையும் கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். 3 முதல் 5 வயதுக்குள் குறைந்தது ஒரு முறை பார்வைச் சோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதலும் சொல்கிறது. இந்த வயதில் கண்டுபிடித்தால் சிகிச்சைக்குப் போதிய காலம் இருக்கும்.

*ஒன்றாம் வகுப்புக்கு முன்பும் அதன் பிறகும்:* 5, 6 வயதில் இன்னொரு முறை. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. கண்ணாடி போட்ட பிள்ளைக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். வளரும் வயதில் பவர் மாறிக்கொண்டே இருக்கும்.

வயது பார்க்காமல் உடனே போக வேண்டிய அடையாளங்கள்

கீழே உள்ளவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த பரிசோதனைக் காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

• கண்மணியில் வெள்ளையாக, பூனைக் கண் போல ஒளி தெரிவது. பல வீடுகளில் இதை முதலில் காட்டுவது செல்போன் ஃபிளாஷ் போட்டு எடுத்த படம்தான். ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அந்த வாரமே போங்கள். கண்புரையாக இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். சுமார் 15,000 முதல் 18,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் அரிய நோய் அது. சீக்கிரம் பிடித்தால் உயிரையும், பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம்.

• நான்கு மாதத்துக்குப் பிறகும் மாறுகண் தெரிவது. அல்லது நேராக இருந்த கண் திடீரென்று ஒதுங்குவது.

• பிறந்த குழந்தையின் கண் வழக்கத்துக்கு மீறிப் பெரிதாக இருப்பது, கருவிழி மங்கலாக இருப்பது, வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவது. "என்ன அழகான பெரிய கண்" என்று எல்லோரும் கொஞ்சும் கண்ணில் கண் அழுத்த நோய் இருக்கக்கூடும்.

• கண்ணில் ஓயாமல் நீர் வடிவது. பெரும்பாலும் கண்ணீர்ப் பாதை அடைப்புதான். ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துகொள்ளும். இருந்தாலும் அதுதானா என்று மருத்துவர் சொல்ல வேண்டும்.

• கண் ஆடிக்கொண்டே இருப்பது, இமை கண்மணியை மறைப்பது, தலையை ஒரு பக்கம் சாய்த்தே பார்ப்பது.

• பெரிய பிள்ளைகள் டிவிக்கு அருகே போய் நிற்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பது, அடிக்கடி தலைவலி என்பது, மஃரிபு நேரத்துக்குப் பிறகு தடுமாறுவது.

கடைசியில் சொன்னது மாலைக்கண்ணாக இருக்கலாம். வைட்டமின் ஏ குறைவால் வருவது. இதற்காகத்தான் 9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் 9 தடவை வைட்டமின் ஏ சொட்டு மருந்து அரசு இலவசமாகக் கொடுக்கிறது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தவறாமல் வாங்குங்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி, முட்டை, ஈரல் ஆகியவற்றில் இந்தச் சத்து உண்டு. ஆனால் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் கண்ணாடிப் பவர் போகாது. இரண்டும் வேறு.

தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியையும் இங்கே நினைவூட்டுகிறோம். கர்ப்பக் காலத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரையோடு பிறக்கலாம். காதும் இதயமும் பாதிக்கப்படலாம். 2017 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இந்த ஊசி பெரிய அளவில் போடப்பட்டபோது வாட்ஸ்அப்பில் பல வதந்திகள் பரவின. இன்றைக்கு நம் பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி, நாளை அவர்கள் பெறப்போகும் குழந்தைகளின் கண்ணையும் காக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சோதிப்பார்கள்?

பலர் தயங்குவதற்கு இது ஒரு காரணம். பிள்ளைக்கு எழுத்துத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கைக்குழந்தையிடம் விளக்கையோ பொம்மையையோ காட்டி, இரு கண்களும் அதைப் பின்தொடர்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது குழந்தை சிணுங்கி, மற்றதை மறைக்கும்போது சும்மா இருந்தால் அதிலிருந்தே ஒரு விஷயம் புரிந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆப்பிள், வீடு போன்ற படங்கள் உள்ள அட்டை உண்டு. பிள்ளை பெயர் சொல்லலாம், அல்லது கையில் உள்ள அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டலாம்.

பிறகு கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் ஒளியைப் பாய்ச்சிப் பவரை அளப்பார்கள். இதற்குப் பிள்ளை ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மருந்து விட்டவுடன் கொஞ்சம் எரியும். சில மணி நேரம், சில மருந்துகளில் சில நாட்கள், கிட்டத்தில் பார்ப்பது மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். இதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். தொப்பி ஒன்று எடுத்துப் போங்கள். அரை நாள் ஆகும் என்று நினைத்துக் கிளம்புங்கள். பிள்ளைக்கு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனால் சோதனை எளிதாக முடியும்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. பிள்ளையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, எதிர்ச் சுவரில் உள்ள காலண்டரில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு மற்ற கண். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் உடனே காட்டுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்பதற்காக மூன்று வயதுப் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம்.

சிகிச்சை என்ன?

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண்ணாடி மட்டுமே போதும். சோம்பேறிக் கண் இருந்தால், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடி, பின்தங்கிய கண்ணை வேலை செய்ய வைப்பார்கள். நடுத்தர அளவுள்ள சோம்பேறிக் கண்ணுக்கு நாளைக்கு 2 மணி நேரம் மூடினாலும் 6 மணி நேரம் மூடியதற்கு இணையான பலன் கிடைத்ததாக 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒட்டு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு நல்ல கண்ணை மங்கச் செய்யும் சொட்டு மருந்தும் உண்டு. எவ்வளவு நேரம், எத்தனை மாதம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒட்டுப் போட்ட நேரத்தில் வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது போன்ற விளையாட்டுகளில் உட்கார வைத்தால் நேரம் போவது தெரியாது.

7 வயது தாண்டிவிட்டதே என்று மனம் தளர வேண்டாம். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிலும் ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை பலன் தருகிறது. வயது ஏற ஏற வாய்ப்பு குறையும் என்பதால், அறிந்த அன்றே தொடங்க வேண்டும்.

நம் வீடுகளில் சொல்லப்படுபவை

"மாறுகண் அதிர்ஷ்டம்" என்பார்கள். மாறுகண் உள்ள பிள்ளை அந்தக் கண்ணின் பார்வையை இழந்துகொண்டிருக்கலாம். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பதும் அப்படித்தான். தானாகச் சரியாகும் என்று காத்திருக்கும் ஆண்டுகளே சிகிச்சைக்கான ஆண்டுகள்.

"இப்பவே கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும்" என்பது உண்மையன்று. பிள்ளை வளரும்போது கண்ணும் வளர்வதால் பவர் மாறுகிறது. கண்ணாடி அதற்குக் காரணமில்லை. "பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா, நாளைக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று ஒரு நன்னி கேட்டதாகச் சொன்னார்கள். அவருடைய கவலை நமக்குப் புரிகிறது. ஆனால் கண்ணாடியைப் பிறகு கழற்றிக்கொள்ளலாம், லென்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஒரு கண்ணின் பார்வை போய்விட்டால் அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

குழந்தையின் கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, கைக்குழந்தைக்கு மையோ சுர்மாவோ இடுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டுகிறோம். கடையில் விற்கும் பல சுர்மா, மை வகைகளில் காரீயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கையிலுள்ள அழுக்கால் கண்ணில் சீழ் பிடிப்பதும் உண்டு. கண் சிவந்தால் பழைய சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து விடுவதும் ஆபத்து. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் கூடும்.

செல்போன் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அதைவிட முக்கியம், பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். மூன்று ஆண்டில் அந்தப் பிள்ளைகளில் 100-க்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. விளையாடாத பள்ளிகளில் 100-க்கு 40 பேருக்கு வந்தது. அஸருக்குப் பிறகு பிள்ளைகளைத் தெருவிலோ மைதானத்திலோ விளையாட விடுவது கண்ணுக்கும் நல்லது.

பள்ளியும் மதரஸாவும்

2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தில் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையும் பரிசோதிக்கிறார்கள். கண்ணும் அதில் அடங்கும். அந்தச் சீட்டில் கண் மருத்துவரைப் பார்க்கும்படி எழுதியிருந்தால் மூலையில் போட்டுவிடாதீர்கள். நம் பகுதியில் பல பிள்ளைகள் தனியார் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் குழு வராது. மாதம் தவறாமல் ஃபீஸ் கட்டும் பெற்றோர்தாம் கண் பரிசோதனையையும் தாங்களே நினைவில் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் தென்னிந்தியப் பள்ளிகளில் செய்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. பள்ளிக்கு ஓரிரு ஆசிரியர்கள் மட்டும் எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பதைவிட, ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தன் வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது, உண்மையிலேயே கண் குறை உள்ள பிள்ளைகள் கூடுதலாகக் கண்டறியப்பட்டார்கள். தினமும் பார்த்துப் பழகியவருக்கு வித்தியாசம் தெரியும் என்பது நமக்கும் பொருந்தும். மக்தபில் குர்ஆன் ஓதும் பிள்ளை ரேஹாலை விட்டு முகத்தைக் கீழே கொண்டுபோகிறதா, ஒரு வரியை விட்டு மறு வரிக்குத் தாவுகிறதா, பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறதா என்பதை முதலில் காண்பவர் உஸ்தாத்தான். ஓதுவதில் மந்தம் என்று கண்டிப்பதற்கு முன், "பிள்ளையின் கண்ணை ஒரு முறை காட்டுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லும்படி உஸ்தாதுகளையும் ஆலிமாக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கே போகலாம்?

நமக்கு மிக அருகில் இருப்பது எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. பிரசவமும் பச்சிளம் குழந்தை கவனிப்பும் அங்கே நடப்பதால், பிறந்த குழந்தையின் கண் பற்றிய சந்தேகத்தை அங்கேயே கேட்டு, எங்கே போக வேண்டும் என்று எழுதி வாங்கலாம். கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியிலும், கோரிமேடு ஜிப்மரிலும் கண் பிரிவு உண்டு. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய நிறுவனத்தின் கிளை அது. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் அங்கே வழி உண்டு.

போகும்போது தடுப்பூசி அட்டை, பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, பிள்ளை பழைய கண்ணாடி போட்டிருந்தால் அது, வெள்ளை ஒளி தெரிந்த படம் இருந்தால் அந்த செல்போன் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொன்ன அடுத்த தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

கண்ணாடி வாங்கவோ போய்வரவோ பணம் தடையாக இருந்தால் அறக்கட்டளை அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். தயங்க வேண்டாம், உங்கள் பெயர் வெளியே வராது. தந்தை வெளிநாட்டில் இருந்து, தாய் தனியாகப் போக வேண்டிய வீடுகளுக்குத் துணைக்கு வரவும் எங்கள் சகோதரிகள் தயாராக இருக்கிறார்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். உங்கள் வீட்டில் மூன்று வயது நிரம்பிய, இன்னும் கண் பரிசோதனை செய்யாத பிள்ளை இருந்தால், இந்த மாதத்துக்குள் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள், இன்ஷா அல்லாஹ். பக்கத்து வீட்டில் அப்படிப் பிள்ளை இருந்தால் படித்து முடித்ததும் இந்த இதழை அவர்களிடம் கொடுங்கள்.